நழுவிய கண்ணியை எடுத்துத் தரும் கடை

கையால் பின்னுவோருக்கென்றே நடக்கும் சிறு நூல் கடைகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல ஊர்களில் இருக்கின்றன. பெரும்பாலானவை கடைத்தெருவின் ஓரத்தில் ஒற்றை அறையில் நடப்பவை. உரிமையாளர் ஒருவர், ஊழியர்கள் மூன்று நான்கு பேர். அவர்களிலும் சிலர் வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் வருபவர்கள். சுவரெல்லாம் சதுரச் சதுரமாகத் தட்டுகள், தட்டெல்லாம் நிறவாரியாகக் கம்பளி நூல். நடுவில் பெரிய மேசை ஒன்று கிடக்கும், சுற்றிலும் நாற்காலிகள். அந்த மேசையில் விற்பனைப் பொருள் எதுவும் வைக்கப்படுவதில்லை. வருகிறவர்கள் உட்கார்ந்து பின்னுவதற்காகவே போடப்பட்டது அது. ஏதாவது வாங்கினால்தான் உட்காரலாம் என்ற கட்டாயமும் பொதுவாகக் கிடையாது.

தமிழ்நாட்டில் பின்னல் நூலுக்கென்று தனிக்கடை அரிது. பேன்சி ஸ்டோரிலோ தையல் சாமான் கடையிலோ ஒரு மூலையில், லூதியானாவிலிருந்து வரும் வர்த்தமான், ஓஸ்வால் ‘ஊல்’ உருண்டைகள் பாலித்தீன் பைகளில் இருக்கும். கேட்ட நிறத்தை எடுத்துக் கொடுப்பதோடு கடைக்காரரின் வேலை முடிந்தது. அவருக்குப் பின்னத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன கடைகளில் விற்பவருக்குப் பின்னல் தெரியாவிட்டால் கடையே நடக்காது. நூலை இணையத்தில் எங்கிருந்தும் வரவழைத்துக்கொள்ளலாம், பல நேரம் குறைந்த விலைக்கே. இருந்தும் கடைக்கு ஆள் வருவது, பாதியில் சிக்கிக்கொண்ட பின்னலை ஒருவர் கையில் வாங்கிப் பார்த்து, எங்கே பிசகியது என்று சொல்லித் திருத்தியும் கொடுப்பார் என்பதால்தான். அந்த உதவிக்கு விலைச்சீட்டு இல்லை. அதற்கான செலவும் நூலின் விலையிலிருந்தே வந்தாக வேண்டும். இக்கடைகளின் வலிமை, நலிவு இரண்டும் இந்த ஏற்பாட்டிலேயே இருக்கின்றன.

தட்டில் இருக்கும் நூல்

நூல் முதலில் கனத்தை வைத்துப் பிரிக்கப்படுகிறது. அமெரிக்காவில் கிராஃப்ட் யார்ன் கவுன்சில் வகுத்த வரிசையில் 0 முதல் 7 வரை எட்டுப் பிரிவுகள் உண்டு. 0 என்பது சிலந்தி வலைபோல் மெல்லிய சால்வைகளுக்கான நூல். 1 காலுறைக்கும் குழந்தைகளின் உடுப்புக்கும் ஏற்றது. ஸ்வெட்டர் பின்னுவோர் அதிகம் கேட்பது நடுத்தரமான 4. இந்த நூலில் 10 செ.மீ. அகலத்துக்கு 16 முதல் 20 கண்ணிகள் வரும். பிற்பாடு சேர்க்கப்பட்ட 7 கயிறு அளவு தடிமனானது.

கனத்துக்கு அடுத்தது இழையின் இனம். மெரினோ ஆட்டுக் கம்பளி மிருதுவானது, கழுத்தில் உறுத்தாது. ஆனால் உராயும் இடங்களில் சீக்கிரம் பிசிறு உருண்டுவிடும். ஷெட்லாந்து ஆட்டின் கம்பளி சற்றுச் சொரசொரப்பாக இருந்தாலும் கண்ணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்பதால், பல நிறங்களைக் கோத்துப் பின்னும் ஃபேர் ஐல் வேலைக்கு அதுவே உகந்தது. அல்பாக்கா நல்ல கதகதப்பு, ஆனால் தன் கனத்தாலேயே தொய்ந்து நீளும். பருத்திக்கு மீள்தன்மை குறைவு; நெடுநேரம் பின்னினால் கை வலிக்கும். இவற்றையெல்லாம் லேபிளில் அச்சிட இடமில்லை. கடைக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இயந்திரத்தில் துவைக்கலாம் என்ற குறிப்போடு விற்கும் கம்பளி நூல் அப்படிச் சொல்லித்தர வேண்டிய விஷயங்களில் முக்கியமானது. கம்பளி இழையின் மேற்பரப்பு நுண்ணிய செதில்களால் ஆனது. சூடும் ஈரமும் அலசலும் சேரும்போது அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ள, துணி சுருங்கித் தடித்துப்போகும். குளோரினால் செதில்களை மழுக்கி, மேலே மெல்லிய பாலிமர் பூச்சு கொடுத்தால் நூல் சுருங்காது. ஆனால் செதில் பிடிமானம் போய்விட்டதால், துவைத்த பிறகு ஸ்வெட்டர் எதிர்பாராத அளவுக்கு நீண்டுவிடுவதும் உண்டு. நல்ல ஊழியர் இந்த நூலை விற்கும்போதே, சிறு துண்டு ஒன்று பின்னித் துவைத்து அளந்து பார்க்கச் சொல்லிவிடுவார்.

விலை உயர்ந்த நூல் உருண்டையாக வருவதில்லை, முறுக்கிய சிட்டமாக வருகிறது. சிட்டத்திலிருந்து நேரடியாகப் பின்னினால் நூல் சிக்கிவிடும். அதற்காகக் கல்லாவின் அருகே குடைபோல் விரிந்து சுழலும் சட்டம் ஒன்றும், கைப்பிடி வைத்த சுற்றுக் கருவி ஒன்றும் இருக்கும். சிட்டத்தைச் சட்டத்தில் மாட்டி, கைப்பிடியைச் சுழற்ற, நூல் தட்டையான உருண்டையாகச் சேரும். நெசவாளர் வீட்டில் சிட்டத்திலிருந்து நூல் இழைத்துப் பழகியவர்களுக்கு இந்த வேலை புதிதாகத் தோன்றாது. ஒரு சிட்டத்துக்குச் சில நிமிடங்கள் ஆகும். கடையில் வாங்கிய நூலுக்கு இதைக் கட்டணமின்றிச் செய்துதருவது பரவலான வழக்கம். அந்தச் சில நிமிடங்களில்தான் என்ன பின்னப்போகிறார், யாருக்கு, எப்போதைக்குள் முடிக்க வேண்டும் என்ற பேச்செல்லாம் நடக்கிறது.

லேபிளில் ஊழியர்கள் விடாமல் சரிபார்ப்பது லாட் எண்ணை. ஒரே பெயருள்ள நீலம் அடுத்த முறை சாயமேற்றும்போது ஒரு சாயல் மாறிவிடும். கடை விளக்கில் தெரியாது, பின்னிய ஸ்வெட்டரின் நடுவில் வெயிலில் கோடு விழுந்ததுபோல் தெரியும். ஆகவே ஒரு ஸ்வெட்டருக்குத் தேவையான அத்தனை சிட்டங்களும் ஒரே லாட்டில் கிடைக்கிறதா என்று தேடி எடுப்பார்கள். கையால் சாயமேற்றிய நூலில் ஒரே தொட்டியிலிருந்து வந்த இரண்டு சிட்டங்கள்கூட ஒத்துப்போகாதபோது, இரண்டையும் அடுத்தடுத்த வரிசைகளில் மாற்றி மாற்றிப் பின்னும் முறையைக் கற்றுக்கொடுப்பார்கள்.

சில கடைகள் ஆட்டுக்கும் ஊசிக்கும் நடுவே நிற்பவை. ஸ்காட்லாந்தின் வடக்கே ஷெட்லாந்து தீவுகளின் லெர்விக் நகரில் உள்ள ஜேமிசன் அண்ட் ஸ்மித் அவற்றில் பெயர்பெற்றது. தீவுகளின் சிறு விவசாயிகள் சுமார் 700 பேரிடமிருந்து கம்பளியை வாங்கி, கையால் தரம் பிரித்து நூலாக்கி விற்கிறார்கள். ஆட்டின் எந்தப் பகுதிக் கம்பளி எந்தத் தரம் என்பதைத் தொட்டே சொல்லும் ஆலிவர் ஹென்றி அங்கே பல பத்தாண்டுகள் வேலை பார்த்தவர். அந்தக் கடையில் வாங்கும் ஒரு சிட்டம் பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்காரரின் ஆண்டு வருமானத்தில் சேர்கிறது. 2010 முதல் அங்கு ஆண்டுதோறும் நடைபெறும் கம்பளி வாரத்துக்குப் பல நாடுகளிலிருந்து பின்னுபவர்கள் வருகிறார்கள்.

ஊழியரின் வேலை

கடைக்கு வருபவர்களின் மிகச் சாதாரணமான கேள்வி, இதற்கு எவ்வளவு நூல் வேண்டும் என்பது. அதைவிட முக்கியமானது அவர்கள் கேட்க மறக்கும் கேள்வி: உங்கள் கையில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி வருகிறது? ஒரே ஊசி, ஒரே நூல் கொடுத்தாலும் ஒருவர் இறுக்கமாகப் பின்னுவார், மற்றவர் தளர்வாகப் பின்னுவார். மாதிரிப்படிவம் 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்று சொல்லி, உடம்புச் சுற்றுக்கு 200 கண்ணி போடச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்று 100 செ.மீ. வரும். பின்னுபவரின் கையில் 22 கண்ணி விழுந்தால் அதே 200 கண்ணி 91 செ.மீ.க்குள் அடங்கிவிடும். பல வார உழைப்பில் முடித்த ஸ்வெட்டர் யாருக்காகப் பின்னப்பட்டதோ அவருக்குப் போடவராது. ஒரு சிறு துண்டு பின்னி அளந்திருந்தால் போதும்; ஊசியை ஓர் அளவு பெரிதாக மாற்றிக்கொண்டிருக்கலாம். ஊழியர்கள் சலிக்காமல் சொல்லிவரும் அறிவுரை இதுதான். பொறுமையின்றிக் கேட்காமல் விடப்படுவதும் இதுவே.

படிவமே இல்லாமல் வருபவர்களுக்கு உதவ எலிசபெத் ஜிம்மர்மன் (1910–1999) வகுத்த விழுக்காட்டுக் கணக்கு கைகொடுக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்தவர் அவர். கம்பளி நூலைத் தபாலில் விற்றார், தொலைக்காட்சியில் பின்னல் கற்பித்தார். 1971இல் வெளிவந்த அவரது முதல் புத்தகம், படிவத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை என்ற துணிச்சலை ஒரு தலைமுறைக்கே கொடுத்தது. அவர் கணக்குப்படி உடம்புச் சுற்றின் கண்ணிகளை 100 விழுக்காடு என்று கொண்டால் மணிக்கட்டுக்கு 20, மேல்கைக்கு 33, கழுத்துக்கு 40. அதாவது 200 கண்ணி ஸ்வெட்டருக்கு மணிக்கட்டில் 40, மேல்கையில் 66, கழுத்தில் 80. துண்டுத்தாளில் இந்த எண்களை எழுதிக்கொடுத்தால் ஒருவர் தன் அளவுக்குத் தானே ஸ்வெட்டர் பின்னிக்கொள்ளலாம்.

அடுத்தது பழுதுபார்ப்பு. ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினால் அது கீழே உள்ள கண்ணியை விடுவிக்கும், அது அதற்குக் கீழே உள்ளதை. துணியின் நடுவே ஏணிபோல் ஓர் இடைவெளி இறங்கிக்கொண்டே போகும். புதிதாகக் கற்பவர் இதைப் பார்த்ததும் மொத்தத்தையும் பிரித்துவிடுகிறார், அல்லது பையில் போட்டு அலமாரிக்குள் தள்ளிவிடுகிறார். உண்மையில் ஒரு குரோஷா ஊசி இருந்தால் போதும். நழுவிய கண்ணியை அதில் மாட்டி, ஏணியின் ஒவ்வொரு படியையும் அதன் வழியே இழுத்து மேலேற்றினால் பின்னல் பழையபடி ஆகிவிடும். தெரிந்தவர் கையில் ஒரு நிமிட வேலை இது.

இப்படி ஒரு கைவேலையை வாங்கிப் பார்ப்பதிலேயே ஒரு பண்பு தேவைப்படுகிறது. நல்ல ஊழியர் தானே சட்டென்று சரிசெய்து கொடுத்துவிடுவதில்லை. எந்த வரிசையில் பிசகு நடந்தது என்று கண்ணியைப் படித்துக் காட்டுவார். நேர்க்கண்ணி எப்படி இருக்கும், புரட்டுக்கண்ணி எப்படி இருக்கும் என்று விரலால் தொட்டுச் சொல்வார். பிறகு ஊசியை வந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து அவரையே செய்யவைப்பார். பின்னல் மோசமாக இருக்கிறது என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. பிரித்தே ஆக வேண்டும் என்றால் அதையும் மறைக்கமாட்டார், கூடவே உட்கார்ந்து பிரித்துக் கொடுப்பார். இந்தத் திறமையைப் பயிற்சி வகுப்பு எதுவும் தருவதில்லை. கல்லாவில் நின்று பல ஆண்டுகளில் வருவது அது.

கண்ணுக்குத் தெரியாத வேலைகளும் உண்டு. கடையில் தொங்கும் மாதிரி ஸ்வெட்டர்களையும் சால்வைகளையும் பின்னுவது பெரும்பாலும் ஊழியர்களே, அதுவும் வீட்டு நேரத்தில். கூலியாகப் பணத்துக்குப் பதில் நூல் கொடுப்பதும் பரவலாக உள்ளது. மாதிரி தொங்கினால் அந்த நூல் விற்கும் என்பது எல்லா உரிமையாளர்களுக்கும் தெரிந்த உண்மை. அப்படியிருக்க, அந்த உழைப்புக்கு நியாயமான பணம் கொடுக்கப்பட வேண்டும். இத்தனை நுணுக்கம் தெரிந்த ஒருவருக்குக் கிடைப்பது சாதாரணக் கடை ஊழியரின் சம்பளம்தான். பின்னல் வகுப்பு நடத்துவதில் கொஞ்சம் கூடுதலாக வரும். அதோடு அந்துப்பூச்சிக் காவல். துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு கம்பளியிலுள்ள கெரட்டின் புரதத்தைத் தின்று வளர்வது. ஒரு தட்டில் தென்பட்டால் சுற்றியுள்ள சரக்கை எல்லாம் இறக்கிச் சோதித்து, ஐயமுள்ளவற்றைப் பையிலிட்டு உறைபெட்டியில் பல நாள் வைக்க வேண்டியிருக்கும்.

மேசையைச் சுற்றி

வாரம் ஒரு மாலை கடையைக் கூடுதல் நேரம் திறந்துவைத்து எல்லாரையும் வந்து பின்னச் சொல்வது இந்தக் கடைகளின் மரபு. 2003இல் டெபி ஸ்டோலர் எழுதிய பின்னல் புத்தகம் பெரும் வரவேற்புப் பெற்ற பிறகு இளம்பெண்கள் இத்தகைய கூட்டங்களுக்கு நிறைய வரத் தொடங்கினார்கள். 2005இல் பொது இடங்களில் கூடிப் பின்னுவதற்கென ஒரு நாளே தொடங்கப்பட்டு இப்போது ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பல நாடுகளில் கொண்டாடப்படுகிறது.

மேசைக்கு வருபவர்களில் பணி ஓய்வு பெற்றவர்கள் உண்டு, கைக்குழந்தையோடு வீட்டில் அடைந்து கிடப்பவர்கள் உண்டு, புற்றுநோய்ச் சிகிச்சையின் இடைவெளியில் வருபவர்களும் உண்டு. பின்னும்போது கண் கையில் இருக்கும். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய நெருக்கடி இல்லை. பேச்சு நின்றாலும் சங்கடமில்லை, ஊசி ஓடிக்கொண்டிருக்கும். நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டால் வாய் திறக்காத ஒருவர், இப்படி ஒரு மேசையில் தன் கணவர் இறந்ததைப் பற்றிப் பேசிவிடுவார். ஊழியர்கள் மனநல ஆலோசகர்கள் அல்ல, அப்படி ஆகவும் முயலக் கூடாது. ஆனால் வழக்கமாக வருபவர் இரண்டு வாரம் வராவிட்டால் விசாரிப்பது அவர்கள்தான்.

எந்த மேசையும் தானாக எல்லாரையும் வரவேற்றுவிடாது. பழகியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்க, புதிதாக வந்தவர் வாசலோடு திரும்பிவிடுவதும் நடக்கிறது. 2019 ஜனவரியில் இது பெரிய விவாதமாக வெடித்தது. தொடக்கம் இந்தியாவைப் பற்றிய ஓர் எழுத்து. இந்தியப் பயணத்தைத் தன் வாழ்வின் வண்ணமயமான சாகசமாக வருணித்து அமெரிக்கப் பின்னல் எழுத்தாளர் ஒருவர் எழுதியதை, இந்தியாவை வேற்றுக்கிரகம்போல் பார்க்கும் பார்வை என்று பலர் கண்டித்தார்கள். அதிலிருந்து பேச்சு கடைகளின் பக்கம் திரும்பியது. கறுப்பினத்தவரும் ஆசிய வம்சாவளியினரும் நூல் கடைக்குள் நுழைந்தால் யாரும் கவனிக்காமல் விடப்பட்டதையும், திருட வந்தவர்போல் பின்தொடரப்பட்டதையும் பகிரங்கமாகச் சொன்னார்கள். கடைகள் பல தங்கள் நடைமுறையைத் திரும்பிப் பார்த்தன; மாதிரிகளை அணிந்து படமெடுக்க யாரை அழைக்கிறோம், வகுப்பெடுக்க யாரைக் கூப்பிடுகிறோம் என்பதெல்லாம் பேசுபொருளாயின. தன்னைச் சமூகத்துக்கான இடம் என்று சொல்லிக்கொள்ளும் கடைக்கு இந்தக் கேள்விகள் அவசியமானவை.

ஊருக்குப் பின்னுதல்

கூடிப் பின்னிப் பிறருக்குக் கொடுக்கும் பழக்கம் போர்க்காலங்களில் பெருகியது. முதல் உலகப்போரில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் படைவீரர்களுக்குக் காலுறையும் ஸ்வெட்டரும் பின்னித்தரச் சொல்லி நாடெங்கும் அழைப்பு விடுத்தது. 1941 நவம்பர் 24 தேதியிட்ட லைஃப் இதழ் பின்னுவது எப்படி என்பதையே அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது.

அமைதிக் காலத்தில் இதை ஒரு நூல் கடை எடுத்துச் செய்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டு எவி ரோசன். விஸ்கான்சின் மாநிலத்தில் வாசா என்ற ஊரில் நூல் கடை வைத்திருந்தவர் அவர். 1991இல், வீடற்றவர்களின் நிலை அவரை உலுக்க, தன் வாடிக்கையாளர்களைக் கூட்டிப் போர்வை பின்னத் தொடங்கினார். முழுப் போர்வை ஒன்றைத் தனியாளாகப் பின்ன மாதக்கணக்கில் ஆகும், பலர் பாதியில் விட்டுவிடுவார்கள். ரோசன் வேலையைத் துண்டாக்கினார். ஒருவர் பின்ன வேண்டியது 7 அங்குலத்துக்கு 9 அங்குலத்தில் ஒரு துண்டு மட்டுமே. வரிசைக்கு ஏழாக ஏழு வரிசை, மொத்தம் 49 துண்டுகளை இணைத்தால் 49 அங்குல அகலமும் 63 அங்குல நீளமும் உள்ள போர்வை தயார். மிச்ச நூல் போதும், கைப்பையில் எடுத்துப் போகலாம், நேற்றுக் கற்றவரும் செய்யலாம். ஒருவர் ஒரு துண்டு கொடுத்தாலும் அவருக்கும் பங்குண்டு. ‘வார்ம் அப் அமெரிக்கா’ என்ற பெயரில் இது நாடளாவிய இயக்கமாக வளர்ந்து இன்றும் நடக்கிறது.

சிறு துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கும் இதே வழியைச் சென்னையிலும் காணலாம். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழு, பல ஊர்களிலிருந்து பெண்கள் பின்னி அனுப்பிய துண்டுகளை இணைத்து, 2016 ஜனவரி 31 அன்று உலகின் மிகப்பெரிய குரோஷா போர்வை என்ற கின்னஸ் சாதனையைச் சென்னையில் நிகழ்த்தியது. பரப்பு 11,148.5 சதுர மீட்டர். சாதனைக்குப் பின் அது போர்வைகளாகப் பிரிக்கப்பட்டுத் தேவைப்படுவோருக்கு வழங்கப்பட்டது. தனி நூல் கடைகள் அரிதான இடத்தில் கடையின் மேசை செய்யும் வேலையை இணையக் குழு செய்துகாட்டியது.

நூல் கடைகள் சேகரித்து அனுப்பும் பொருட்களில் மார்பக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கான பின்னல் மார்பும் ஒன்று. சிலிக்கான் செயற்கை மார்பு கனமானது, வியர்க்கும், ஆறாத தழும்பின் மேல் வைக்க முடியாது. மென்மையான பருத்தி நூலில் பின்னிப் பஞ்சு அடைத்தது லேசாக இருக்கும், துவைக்கலாம். வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் நகரைச் சேர்ந்த பார்பரா டெமரெஸ்ட் தன் சொந்தச் சிகிச்சைக்குப் பிறகு தொடங்கிய ‘நிட்டட் நாக்கர்ஸ்’ அமைப்பு இவற்றை இலவசமாகக் கொடுக்கிறது. உறுத்தாத நூல் எது என்று தேர்ந்து கொடுப்பதும், பின்னியவற்றைப் பெட்டியில் சேர்த்துவைப்பதும் கடை ஊழியர்களின் பங்கு.

இறந்துபோன தாயோ பாட்டியோ பாதியில் விட்ட பின்னலோடு கடைக்கு வருபவர்கள் எப்போதும் உண்டு. அதை முடித்துத்தர முடியுமா என்று கேட்பார்கள். 2022இல் மேசி கேப்லன், ஜெனிஃபர் சிமோனிக் என்ற இருவர் இதற்கென்றே ‘லூஸ் எண்ட்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முடிக்கப்படாத கைவேலையை வைத்திருக்கும் குடும்பத்தையும் அதை முடித்துக்கொடுக்க முன்வருபவரையும் அது இணைத்துவைக்கிறது, கட்டணமின்றி.

அரசியலும் கடைக்குள் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸின் அட்வாட்டர் வில்லேஜ் பகுதியில் கேட் காயில் நடத்திய ‘லிட்டில் நிட்டரி’ என்ற சிறு கடையில் கிறிஸ்டா சூ, ஜெய்னா ஸ்வைமன் என்ற இரு தோழிகள் குரோஷா கற்றுக்கொண்டிருந்தார்கள். தலையில் அடிபட்டுத் தேறிக்கொண்டிருந்த ஸ்வைமன் தொலைதூரப் பேரணிக்குப் போகக்கூடிய நிலையில் இல்லை. 2016 இறுதியில், அடுத்த ஜனவரியில் தலைநகர் வாஷிங்டனில் நடக்கவிருந்த பெண்கள் பேரணிக்கு எல்லாரும் இளஞ்சிவப்புத் தொப்பி அணிந்து வந்தால் என்ன என்ற எண்ணம் அவர்களுக்குத் தோன்றியது. காயில் அதற்கு வடிவம் கொடுத்தார். நீள்சதுரத் துண்டு ஒன்றைப் பின்னி, இரண்டாக மடித்து, பக்கங்களைத் தைத்துவிட்டால் முடிந்தது. தலையில் வைத்தால் இரு மூலைகளும் பூனைக் காதுகளாக நிற்கும். புதிதாக ஊசி பிடித்தவரும் முடிக்கக்கூடிய வேலை. பேரணிக்குப் போக முடியாதவர்கள் தொப்பியோடு ஒரு கடிதம் எழுதி, அணியப்போகும் முகம் தெரியாத பெண்ணுக்கு அனுப்பினார்கள். நாடெங்கும் பல கடைகள் தொப்பிகளைச் சேகரித்து அனுப்பும் இடங்களாயின. இளஞ்சிவப்பு நூல் பல இடங்களில் தீர்ந்தே போயிற்று. 2017 ஜனவரி 21 அன்று பேரணிச் சாலைகள் அந்த நிறத்தில் தெரிந்தன. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவ்வகைத் தொப்பி ஒன்றைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. அந்தச் சின்னம் எல்லாப் பெண்களையும் உள்ளடக்கவில்லை என்ற விமர்சனமும் எழுந்தது. டென்னசி மாநிலத்தில் ஒரு கடை உரிமையாளர், அந்தத் தொப்பிக்கு நூல் வேண்டுவோர் வேறு கடைக்குப் போகலாம் என்று அறிவித்தார். கடையின் மேசையில் எல்லாக் கருத்துடையவர்களும் உட்காருவதால் ஒரு பக்கம் சாய்வதும் சாயாமல் இருப்பதும் உரிமையாளருக்கு எளிதான முடிவாக இருப்பதில்லை.

கல்லாக் கணக்கு

கொள்முதல் விலையைப் போல் இரு மடங்கு என்பது சில்லறை விலை வைக்கும் பழைய வழக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல லாபமாகத் தெரியும். ஆனால் நூல் மெதுவாக நகரும் சரக்கு. ஒரு வகை நூலை வாங்கினால் அதன் எல்லா நிறங்களையும் வாங்கிவைக்க வேண்டும். ஸ்வெட்டருக்குப் போதுமான அளவில், ஒரே லாட்டில் வைக்க வேண்டும். நூற்பாலைகள் குறைந்தபட்ச ஆர்டர் இவ்வளவு என்று விதிக்கின்றன. வெளிர்நிறங்கள் விற்றுத் தீர, கடுகு மஞ்சள் ஆண்டுக்கணக்கில் தட்டிலேயே கிடக்கும். கோடைக்காலத்தில் கம்பளி கேட்பார் இல்லை. வாடகையும் சம்பளமும் பன்னிரண்டு மாதமும் உண்டு.

வாங்குபவர் பக்கமும் செலவு கொஞ்சமல்ல. கையால் சாயமேற்றிய 100 கிராம் சிட்டம் 25 டாலருக்கு மேல் போவது சாதாரணம். ஒரு ஜோடிக் காலுறைக்கு ஒன்று போதும், ஸ்வெட்டருக்கு ஐந்தாறு வேண்டும். ஆயத்த ஸ்வெட்டரை இதைவிடக் குறைந்த பணத்துக்கு வாங்கிவிடலாம் என்பதால், கைப்பின்னல் இன்று அங்கே சிக்கனம் அல்ல, விருப்பம். அந்த விருப்பத்துக்குச் செலவழிக்க முடியாதவர்களுக்காக மிச்ச நூல் கூடை, குறைந்த விலை அக்ரிலிக் தட்டு இரண்டையும் வைத்திருக்கும் கடைகள் பாராட்டுக்குரியவை. அக்ரிலிக்கைக் கீழாகப் பார்க்கும் கடைகளும் இருக்கின்றன. குழந்தைப் போர்வைக்கும் மருத்துவமனைத் தொப்பிக்கும் அடிக்கடி துவைக்கத் தாங்கும் நூல்தான் வேண்டும்.

2007இல் ஜெசிகா ஃபோர்ப்ஸ், கேசிடி ஃபோர்ப்ஸ் தம்பதி தொடங்கிய ரேவல்ரி இணையதளம் இந்தத் தொழிலையே மாற்றிப் போட்டது. எந்த நூலில் யார் என்ன பின்னினார்கள், எவ்வளவு செலவானது, எங்கே சிக்கியது என்பதெல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. கடையில் விற்ற அச்சுப் படிவங்களின் மதிப்பு குறைந்தது. அதே தளம் கடைகள் மூலமாகவே படிவங்களை விற்கும் வழியையும் ஏற்படுத்தியதால் ஓரளவு ஈடாயிற்று. ஈடுகட்ட முடியாதது வேறொன்று. கடைக்கு வந்து நூலைத் தொட்டுப் பார்த்து, ஊழியரிடம் அரைமணி நேரம் யோசனை கேட்டு, லேபிளைப் படம்பிடித்துக்கொண்டு போய் இணையத்தில் குறைந்த விலைக்கு வாங்குபவர்கள் பெருகினார்கள். யோசனை சொன்ன கடைக்கு அதில் ஒரு காசும் வருவதில்லை. ஆகவே பல கடைகள் உதவியை இரண்டாகப் பிரித்துக்கொண்டன. இங்கே வாங்கிய நூலில் எழும் சிறு சிக்கலுக்குக் கட்டணம் இல்லை. நீண்ட உதவிக்கு மணிக்கணக்கில் கட்டணம். இதைக் கறார் என்று சொல்லக் கூடாது. நேரம்தான் அவர்கள் விற்கும் சரக்கில் அரியது.

மற்ற வழிகளும் தேடப்பட்டன. ஒரு வட்டாரத்துக் கடைகள் எல்லாம் சேர்ந்து சிறு கையேடு அச்சிட்டு, கடைதோறும் போய் முத்திரை பெற்றுவருவோருக்குப் பரிசு கொடுக்கின்றன. 2018 முதல் ஏப்ரல் மாதத்தில் உள்ளூர் நூல் கடைகளுக்கென ஒரு நாள் அமெரிக்காவில் கொண்டாடப்படுகிறது. 2020இல் பெருந்தொற்று கதவடைத்தபோது ஊழியர்கள் நூல் பைகளைக் கொண்டுபோய் வாசலில் நின்ற வண்டிகளில் வைத்தார்கள், மேசைக் கூட்டத்தை ஜூமுக்கு மாற்றினார்கள். வீட்டில் அடைந்தவர்கள் புதிதாக ஊசி எடுத்ததால் விற்பனை கூடிய கடைகளும் இருந்தன. 1943இல் ஒஹாயோவில் தொடங்கி நாடெங்கும் சுமார் 800 கிளைகளுடன் இருந்த ஜோயன் என்ற துணி, கைவினைப் பொருள் நிறுவனம் 2025இல் திவாலாகி மே மாத இறுதிக்குள் எல்லாக் கிளைகளையும் மூடியது. குறைந்த விலை நூலுக்கு அதையே நம்பியிருந்த ஊர்களில் ஒரு பகுதியினர் சிறு கடைகளின் கதவைத் தட்டுகிறார்கள். அவர்கள் கேட்கும் விலைக்கு நூல் வைத்திருப்பது சிறு கடைகளுக்கு எளிதல்ல.

இந்தக் கடைகள் மூடப்படும் காரணங்களில் நட்டத்துக்கு நிகரானது உரிமையாளரின் முதுமை. பிள்ளைகள் கடையை எடுத்து நடத்துவது அபூர்வம். சரக்கைத் தள்ளுபடியில் விற்றுக் கடையை மூடுவது ஒரு முடிவு. இன்னொன்று, பல ஆண்டுகள் கல்லாவில் நின்ற ஊழியரோ மேசையில் உட்கார்ந்து பின்னிவந்த வாடிக்கையாளரோ கடையை வாங்கிக்கொள்வது. அப்படிக் கைமாறும்போது சரக்குக்கும் தட்டுகளுக்கும் விலை பேசிவிடலாம். எந்த வாடிக்கையாளர் இறுக்கமாகப் பின்னுவார், யாருக்கு மொஹேர் ஆட்டுமயிர் நூல் ஒத்துக்கொள்ளாது, செவ்வாய்க்கிழமை மாலைக்கு யாரை வீட்டிலிருந்து அழைத்துவர வேண்டும் என்பதெல்லாம் பத்திரத்தில் எழுதப்படுவதில்லை. அவை ஏற்கெனவே தெரிந்த ஒருவர் வாங்கினால் மட்டுமே பழைய வாடிக்கையாளர்கள் புதிய பெயர்ப்பலகையின் கீழும் தங்கள் பின்னலோடு வருகிறார்கள்.